தேய்ந்த தாடி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறையிலிருந்து கணவரின் பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பழங்காசுகளின் மேல் ஒட்டிய மண்ணை எடுப்பதற்கு, நன்றாக உழைத்து மெத்தென்று ஆகிவிட்ட பிரஷ் போல எதுவும் இல்லை. மத்தியானம் வரை அதை வைத்துத்தான் வேலை செய்தேன்.

மாலையில்தான் தெரிந்தது, அது பழைய பிரஷ் இல்லை.

"வாங்கி ஒரு மாசம்கூட ஆகல," என்றார் இவர்.

"பார்த்தா பழசு மாதிரி இருந்துது."

"உனக்கு எதைப் பார்த்தாலும் ரெண்டாயிரம் வருஷப் பழசு மாதிரிதான் இருக்கும்."

பாவம், விரலால் பல் தேய்த்துவிட்டு ஆபீஸ் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். கழுவித் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன்?

மார்ச் 5, வியாழன்

அந்தப் பெரிய காசைப் பற்றி, மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு பானை நிறைய ரோமானியக் காசு கிடைத்து, எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. செம்பும் வெண்கலமும்தான். எந்தக் காசு யாருடையது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெரும்பாலானவை கைமாறிக் கைமாறி வழுக்கையாகிவிட்டன. அவற்றில் ஒன்று பெரியது, என் உள்ளங்கைக் குழியை அடைத்துக்கொள்ளும். வலப்பக்கம் பார்த்த ஒரு முகம். மூக்கு இருக்கிறது, முகவாய் இருக்கிறது, தலைக்குப் பின்னால் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. அது பேரரசர்கள் தலையில் கட்டும் இலைமாலையின் முடிச்சு என்று குறித்து வைத்திருக்கிறேன். சுற்றி ஓடிய எழுத்துகளில் மூன்றுதான் மிச்சம்: ஏ, வி, ஜி. அது பேரரசர் பட்டத்தின் ஆரம்பம், எல்லாருடைய காசிலும் வரும். மற்றதெல்லாம் கிழிந்து 'திரு' மட்டும் மிஞ்சிய கடித உறையைக் கையில் கொடுத்து, யாருக்கு வந்த கடிதம் என்று கேட்பது மாதிரி.

யாருக்கு வந்தது என்று இயக்குநர் முடிவே செய்துவிட்டார். ஒரு மழைக்காலம்கூட முழுதாக ஆளாத ஒரு பேரரசர். உலகத்திலேயே அவர் காசு விரல்விட்டு எண்ணக்கூடியவைதானாம். பத்திரிகைக்குச் சொல்லியாயிற்று. புதிய நாணயக் கூடம் முப்பதாம் தேதி திறக்கிறது. அழைப்பிதழில் அந்தப் பேரரசர் படம். வாசல் கூடத்தில் வைக்க ஒரு பிரமாண்டமான மார்பளவுச் சிலைக்கும் சொல்லியாயிற்று. படத்திலும் சரி, சிலையிலும் சரி, அவருக்கு அடர்த்தியான தாடி.

என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கூடம் திறந்துவிட்டால் நாணயப் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பொறுப்பாளர் வேண்டும், அது நீங்கள்தான் என்று இயக்குநர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். கூடம் திறக்க இந்தக் காசுக்கு அடையாளச் சான்று வேண்டும். சான்றில் என் கையெழுத்து வேண்டும்.

காசில் தாடி இல்லை.

மார்ச் 9, திங்கள்

அடையாளக் குழு கூடியது. குழு என்றால் இயக்குநர், நூலகர், கணக்கு அதிகாரி, நான்.

"சார், இதுல தாடி இல்லையே," என்றேன்.

இயக்குநர் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். "மேடம், ஒரு காசு தேயுதுன்னா எந்த இடம் முதல்ல தேயும்?"

"மேடான இடம், சார்."

"தாடி மேடா, பள்ளமா?"

"...மேடுதான்."

"அவ்வளவுதான் விஷயம். தாடி தேஞ்சு போச்சு."

நூலகர் மெல்லத் தலையாட்டினார். கணக்கு அதிகாரி தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான் சார், மேடான இடம்தான் முதல்ல போச்சு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பிரச்சனை. தாடி தேயாது என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 10, செவ்வாய்

தாடி தேயும். சரி. ஆனால் இல்லாத தாடி — அது எப்படித் தேயும்?

மார்ச் 12, வியாழன்

சிலை வந்தது. நெற்றி வரை உள்ளே வந்து தாடியில் மாட்டிக்கொண்டது. படுக்கவைத்துத் தலைமுதலாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாசல் நிலையில் தாடி சிக்கிவிட்டது. மத்தியானம் முழுக்க ஒரு பேரரசரின் நெற்றி உள்ளேயும் தோள் தெருவிலுமாகக் கிடந்தது. பார்வையாளர்கள் குனிந்து அவர் தாடிக்கு அடியில் நுழைந்து வந்தார்கள். ஒருவர் நுழைவுச்சீட்டு கேட்டு அங்கேயே கையை நீட்டினார். கடைசியில் நிலையைக் கழற்றினார்கள்.

நான் சிற்பியைத் தனியாக ஓரங்கட்டினேன். "ஒருவேளை... ஒருவேளைதான் சொல்றேன். தாடி வேண்டாம்னா எடுக்க முடியுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எடுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது மேடம்? ஆனா எடுத்தா தலை நிக்காது. கழுத்துக்குள்ள கம்பி வைக்கல. தாடிதான் தலையைத் தாங்குது."

"உள்ள முகவாய்?"

"முகவாய் எதுக்கு மேடம்? தாடிதான் இருக்கே."

மார்ச் 14, சனி

இரவுச் சாப்பாட்டின்போது மகள், கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

இவரைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இளைச்சிருக்காரா?"

மாமியாருக்குப் புரையேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"சட்டை புதுசா?" என்றேன்.

"ஆமா," என்றார் இவர். "சட்டைதான்."

எல்லாருமாக ஏதோ அடக்கிக்கொண்டார்கள். எனக்கு முகவாய் நினைப்பு. ஒரு தாடி தேய்ந்தாலும் அதன் வெளிக்கோடு, முகம் முடிந்து வெற்றிடம் தொடங்கும் அந்த ஓரம், அவ்வளவு சுலபமாகப் போகாதே. அந்த ஓரம் காசில் வழவழவென்று உள்வாங்கித்தான் இருக்கிறது. இதை இயக்குநரிடம் சொன்னால், ஓரமும் தேய்ந்தது என்பார்.

மார்ச் 17, செவ்வாய்

ஓரத்தைப் பற்றிச் சொன்னேன். ஓரமும் தேய்ந்ததாம். மாலையில் சுற்றறிக்கை வந்தது: "தாடி தேயக்கூடியதே என்பதை நமது நாணய நிபுணர் குழுவில் உறுதிசெய்துள்ளார்." நான்தான் அந்த நிபுணர்.

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் பழுது, இவரை வந்து கூட்டிப்போகச் சொல்லியிருந்தேன். ஐந்தரை மணிக்கு வாசல் காவலர் உள்தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், ஒருத்தர் வந்திருக்காரு. உங்க வீட்டுக்காரர்னு சொல்றாரு."

"உள்ள அனுப்புங்க."

"அது வந்து... கொஞ்சம் சந்தேகமா இருக்கு மேடம். குடும்ப அட்டையில இருக்கிற போட்டோவும் ஆளும் ஒத்துப்போகல. போட்டோவுல மீசை இருக்கு."

"அவருக்கும் மீசை இருக்கு," என்றேன்.

"நீங்களே வந்து பார்த்துட்டுச் சொல்லிடுங்க மேடம்," என்றார் மிகவும் பணிவாக.

போனேன். வாசலில் இவர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வெளிறிய ஓர் இடம், இத்தனை வருஷம் வெயில் படாத இடம். கல்யாணத்தன்று பார்த்த நாளிலிருந்து அங்கே மீசை இருந்தது.

"எப்ப?" என்றேன்.

"ரெண்டு வாரம் ஆகப் போகுது."

காவலர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "அடையாளம் காட்டினவங்க கையெழுத்து இங்க, மேடம். ஆள் இவர்தானா, நல்லாப் பார்த்துட்டுப் போடுங்க."

பார்த்தேன். போட்டேன். இந்த மாதத்தில் நான் உறுதியாகக் கையெழுத்திட்ட ஒரே அடையாளம் அதுதான். அதிலும் கொஞ்சம் தாமதம்.

பின்சீட்டில் உட்கார்ந்து வரும்போது கேட்டேன், எதற்கு எடுத்தீர்கள் என்று. வேண்டுமென்று எடுக்கவில்லையாம். "வலது பக்கம் கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. சரிபண்ண இடது பக்கம் எடுத்தேன். அது அதிகமாப் போச்சு. திரும்ப வலது. சமன் பண்ணப் பண்ண மீசையே இல்ல."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயா பார்ப்பேன்னு இருந்தேன்." சிக்னலில் நின்றோம். பிறகு, "தாடியா இருந்தாலாவது தேஞ்சு போச்சுன்னு நெனச்சிருப்பே," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 20, வெள்ளி

நான் யாரைப் பார்த்துக்கொண்டு யாரோடு வாழ்கிறேன்? நேற்றிலிருந்து இதே கேள்வி. அவர் முகம் எனக்கு அத்துப்படி என்று நினைத்து, ரொம்ப நாளாகப் பார்க்காமலே கடந்திருக்கிறேன். மீசை இருக்கும் என்று தெரியும், அதனால் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்று கண்டுபிடித்தேன்.

இரண்டு நாளாக ஒரு பரிகாரம் போல இவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டும்விட்டார். இன்று காலை ஜன்னலோரம் இவரும் மாமியாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் வலப்பக்கம் பார்த்து. பின்னால் வெளிச்சம். முகம் எதுவும் தெரியவில்லை, வெளிக்கோடு மட்டும்தான். ஒரே மூக்கு. மீசை போனபிறகு ஒரே மேலுதடு. ஒரே முகவாய், வழவழவென்று உள்வாங்கி. எது அம்மா எது பிள்ளை என்றே சொல்ல முடியாது.

ஒன்றைத் தவிர. மாமியார் குளித்துவிட்டு வந்து தலையைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தார்.

காசில் தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புடைப்பு. மாலை முடிச்சு என்று நானே எழுதி வைத்தேனே — முடிச்சென்றால் நாடா நுனி கழுத்தில் தொங்க வேண்டும். அதில் தொங்கவில்லை. நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. மூன்று வாரமாக எல்லாரும் முகவாயிலேயே குடியிருந்தோம். தாடி உண்டா இல்லையா, தேய்ந்ததா தேயவில்லையா. அவளுக்கு எதற்குத் தாடி?

"அத்தை, அசையாதீங்க," என்றேன்.

"ஏன், பல்லியா?" என்று மாமியார் உறைந்துபோனார்.

பேரரசிகளின் பட்டமும் அதே ஏ, வி, ஜி என்றுதான் தொடங்கும். 'திரு' மட்டும் மிஞ்சிய கடிதம் என்று எழுதியிருந்தேன். திருமதியும் அப்படித்தானே ஆரம்பிக்கிறது.

மார்ச் 23, திங்கள்

எட்டரை மணிக்கே போய்ப் படத்தொகுப்பைப் பிரித்துப் பேரரசிகள் பக்கத்தில் தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொண்டை, கழுத்தின் சாய்வு, காசின் மறுபக்கத்தில் நிற்கும் உருவத்தின் கை, எல்லாம் ஒத்துப்போகிறது. ஒரு பேரரசரின் மனைவி. இளமையில் இறந்துபோனவள். அபூர்வமெல்லாம் இல்லை, அவள் காசு கூடை கூடையாகக் கிடைக்கும். அவள் பெயர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். முதலில் எழுத வேண்டிய இடம் இதுவல்ல.

இயக்குநரிடம் போனேன்.

"சார், அது பெண்."

"எது?"

"காசுல இருக்கிறது."

"அப்ப தாடி?"

"தாடி இல்ல சார்."

"தேஞ்சு போகல?"

"சார், அது பொம்பளை."

நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அவரும் பாவம்தான். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இந்த ஒரு கூடம்தான் அவர் பெயர் சொல்லும். "முந்நூறு அழைப்பிதழ் போயிருக்கு மேடம்," என்றார். பிறகு, ஏதோ வழி தெரிந்த மாதிரி நிமிர்ந்து சிற்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"கொண்டை வைக்கலாம் சார், அரை நாள் வேலை. ஆனா தாடியை எடுக்க முடியாது, அதை இப்பவே சொல்லிடறேன்."

மார்ச் 25, புதன்

குழு மறுபடியும் கூடியது. கொண்டையும் தாடியும் சேர்ந்து வேண்டாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. எனக்கு உயிர் வந்தது. அடுத்து இயக்குநர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒண்ணு. சிலை பேரரசரோடது. அது அப்படியே இருக்கட்டும். காசு அவரோட மனைவி. பலகையில இப்படிப் போடறோம்: 'எதிரே சிலையாகக் காணும் பேரரசரின் துணைவியார்.' அழைப்பிதழும் பொய்யாகல, காசும் பொய்யாகல."

"சார், அவங்க இவருக்கு மனைவி இல்ல."

"யாருக்காவது மனைவிதானே?"

"வேற ஒருத்தருக்கு. இவர் பிறக்கும்போது அவங்க செத்தே அம்பது வருஷம் ஆச்சு."

நூலகர், "வயசு வித்தியாசம் கொஞ்சம் அதிகம்தான்," என்றார்.

"பலகையில தேதி போட வேண்டாம்," என்றார் கணக்கு அதிகாரி.

"அவங்க பேரு?" என்று கேட்டேன். "பேரையாவது போடலாமே."

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். பெயரைப் போட்டால் யாராவது தேடிப் பார்ப்பார்கள். தேடினால் உண்மையான கணவர் வந்துவிடுவார். துணைவியார் என்றால் யாரும் தேடமாட்டார்கள்.

அது சரிதான். யாரும் தேடமாட்டார்கள்.

சான்றையும் பணி நிரந்தர ஆணையையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார். ஆணையில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சான்றில் நான் போட வேண்டும். "திறப்பு விழா அன்னிக்குக் காலையில குடுத்தாப் போதும், அவசரமே இல்ல," என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம்.

மார்ச் 27, வெள்ளி

வீட்டில் சொன்னேன். இவர், "உனக்கு எது சரின்னு படுதோ," என்றார். அது எந்தக் காலத்திலும் யாருக்கும் உதவியதில்லை. மகள், "நிரந்தர வேலைம்மா," என்றாள், இரண்டு முறை.

மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கையெழுத்தைப் போட்டுட்டு வா. அவ வந்து கேக்கவா போறா?" என்றார்.

"வரமாட்டாங்க அத்தை."

"பின்ன என்ன." நாலு வெங்காயம் நறுக்கியபிறகு, "அவ பேரு என்னன்னு சொன்னே?"

"நான் சொல்லலையே."

"சொல்லேன். என் கொண்டையை வெச்சுத்தானே கண்டுபிடிச்சே, எனக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை. திருத்தினேன். வேறுவிதமாகத் தப்பாகச் சொன்னார். இரவு பாத்திரம் அடுக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கப் போகும்முன் என் அறைக் கதவைத் தட்டி, ஒரே மூச்சில், முழுசாக, சரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

நாளை திறப்பு விழா. இன்று மத்தியானம் போய்க் காட்சிப்பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். சிலைக்கு எதிரே அவள் பெட்டி. காசை நாளைக் காலையில் நான்தான் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். 'துணைவியார்' பலகை வந்து சுவரில் சாய்ந்திருக்கிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. காவலர் சிலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "இவரு தாடியை எடுத்துட்டு வந்தா உள்ள விடமாட்டேன் மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் இவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் நிழல் விழுந்த மாதிரி.

"மீசை வளருது," என்றேன்.

"நேத்துதான் விட ஆரம்பிச்சேன்," என்றார். "யாருக்கும் இன்னும் தெரியல." செய்தித்தாளை மடித்து, மறுபடி விரித்துக்கொண்டார். பத்து வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை — பார்த்திருக்கலாம், கவனித்ததில்லை.

உறை மேசை மேல் இருக்கிறது. ஆணையை ஒருமுறை படித்தேன். நல்ல ஆணை. சான்றை எடுத்து, கையெழுத்துப் போடாமல், ஆணையோடு சேர்த்துத் திரும்ப உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். நாளை அதை அப்படியே இயக்குநரிடம் கொடுப்பேன். அவர் பிரிக்கும்போது விழா முடிந்திருக்கும்.

பிறகு ஒரு சின்ன அட்டை எடுத்தேன். கறுப்பு மை. அவள் பெயரை எழுதினேன். பெயர் மட்டும், யாருடைய மனைவி என்று எதுவும் இல்லாமல். மை காய்ந்ததும் கைப்பையில், பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டிச் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

நாளைக் காலை ஏழு மணிக்கே கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.